சொட்டும் இடம்

காலையில் எழுந்ததும் ஓரெஸ்ட் முதலில் பார்ப்பது
என் முகத்தை அல்ல,
வண்டிக்கடியில் விரித்த அட்டையை.
நேற்று பதினொரு சொட்டு.
இன்று பதினேழு.
ஒவ்வொன்றையும் பேனாவால் வட்டமிட்டுத்
தேதி எழுதுகிறான்,
காய்ச்சல் குறிக்கும் நர்ஸைப் போல.

சிவப்பு. விரலில் தேய்த்தால் வழுக்குகிறது.
கியர்பாக்ஸுக்கும் சிவப்பு எண்ணெய்தான்,
ஸ்டீயரிங்குக்கும் அதேதான்,
வண்டியைச் சமமாக நிறுத்தும் ஜாக்குகளுக்கும் அதேதான்.
சந்தேகப் பேர்வழிகள் மூவர்,
ஒரே ரத்தம்.
"கியர்பாக்ஸ்னா நாலாயிரம் டாலர்" என்றான்.
அதற்குப் பிறகு அந்த சூப்பைத் தொடவில்லை.

குவார்ட்ஸைட் பாலைவனத்தில்
இது எங்கள் ஆறாவது குளிர்காலம்.
சஸ்காச்சுவானில் எங்கள் வாசற்படி
இந்நேரம் இடுப்பளவு பனிக்குள்.
இங்கே சட்டை போடாமல்
சரளைக்கல்லில் மல்லாந்து கிடக்கிறான் ஓரெஸ்ட்.
வெளியே தெரிவது இரண்டு பூட்ஸ்,
அவ்வப்போது உக்ரேனிய மொழியில் ஒரு வசவு.

சொட்டு விழுவது எங்கள் கட்டிலுக்கு நேர் கீழே.
பின் ஜாக்குகளைத் தடவிப் பார்த்தான், ஈரமே இல்லை.
"சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற"
என்றார் பக்கத்து வண்டி டெல்பர்ட்,
நாற்காலியை விட்டு எழாமல்.

அடிப்பாகம் முழுக்கத் துடைத்துவிட்டு
சேற்றுப்புண் பவுடர் அடித்தோம், மூன்று டப்பா.
கடையில் கல்லாப்பெட்டிப் பெண்
ஓரெஸ்டின் கால்களை எட்டிப் பார்த்தாள்.
மறுநாள் வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு:
கட்டிலடியிலிருந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி,
சட்டத்து இரும்பைப் பிடித்துக்கொண்டே
முன்பக்கமாக.
வண்டி பின்னால் ஒரு விரல் தாழ்ந்து நிற்கிறது;
எண்ணெய்க்கு அது போதும்.

எனக்கு அப்போதே வயிறு பிசைந்தது.

இனி மிச்சம் சாயம்தான்.
கியர்பாக்ஸில் ஊற்றினோம். இரவில் எதுவும் ஒளிரவில்லை.
ஸ்டீயரிங்கில் ஊற்றினோம். இல்லை.
மூன்றாம் நாள் ஜாக் டேங்கில் ஊற்றிவிட்டு
டெல்பர்ட்டின் ஊதா விளக்கை வாங்கிவந்தோம்.
அதைக் கொண்டு அவர் இரவில் தேள் பார்ப்பார்.
பிடிப்பதில்லை, எண்ணுவதோடு சரி.

விளக்கு என் கையில்.
முதலில் ஒளிர்ந்தது தேள்தான்.
டயர் ஓரத்தில், பச்சையாய், வாலை நிமிர்த்தி,
சாயத்தையெல்லாம் தானே குடித்துவிட்டதுபோல.
ஓரெஸ்ட் அசையவில்லை.
அது தன் பாட்டுக்கு ஒரு கல்லைச் சுற்றிப் போனது.
"இப்ப முன்னால காட்டு" என்றான்.

பார்க்கர் ஊர் பெட்ரோல் பங்க், நவம்பர்.
கண் ஆபரேஷனுக்கு அவன் காத்திருந்த வாரம்.
தனியாக நான்தான் வண்டியை எடுத்துப் போனேன்.
திருப்பத்தில் சிமெண்ட் விளிம்பின் மேல் ஏறி இறங்கியது.
நறுக்கென்று ஒரு சத்தம்.
இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
எதுவும் தொங்கவில்லை.
ஆகவே எதுவும் நடக்கவில்லை.

விளக்கை இடப்பக்கம் காட்டினேன்,
தேவையே இல்லாத இடத்தில்,
ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்.
"வலப்பக்கம், மார்லிஸ்."

வலது முன் ஜாக்குக்குப் பின்னால்
வளைந்துபோன ஒரு தகடு
ரப்பர் குழாயை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டிருந்தது.
அங்கேதான் பிறந்துகொண்டிருந்தது,
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்,
பச்சைச் சொட்டு.
அங்கிருந்து சாப்பாட்டு மேசையடி, பிரிட்ஜடி,
பிறகு நான் தூங்கும் பக்கம்.

"கல்லு எதுவும் தட்டியிருக்கும்" என்றான்.
இவ்வளவு தாராளமாக ஒரு பொய்யை
யாரும் எனக்கு நீட்டியதில்லை.
வாங்கிக்கொண்டிருக்கலாம்.

"பார்க்கர்ல" என்றேன் பூட்ஸிடம்.
"பங்க்ல. நான்தான்."

கொஞ்ச நேரம் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது,
அப்படி ஒரு சத்தம் இருந்ததா என்று இப்போது சந்தேகம்.
பிறகு வண்டிக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது,
உள்ளங்கை மேலே பார்க்க, முழுக்கப் பச்சையாய்.
"பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.
விளக்கை ஆட்டாத."